பெட்டியில் 50 வாட், கதவில் எவ்வளவு?

போன மாதம் என் மனைவியின் தம்பி காருக்குப் பாட்டு செட் (ஸ்டீரியோ) வாங்கப் போய், கும்பகோணத்தில் ஒரு கார் அக்சஸரீஸ் கடையில் நின்றுகொண்டு போன் செய்தான். "மாமா, ஒரு செட்டுல 50 வாட் போட்டிருக்கு, இன்னொண்ணுல 60 வாட். ஆயிரம் ரூபாதான் கூட. அறுபதையே எடுத்துடவா?"

"ரெண்டையும் திருப்பி, பின்னாடி குத்தியிருக்கிற ஃபியூஸ் என்ன கலர்னு பாரு" என்றேன்.

இரண்டிலும் சிவப்பு. சிவப்பு என்றால் 10 ஆம்பியர். இரண்டு செட்டும் ஒரே அளவு கரண்ட்டைத்தான் குடிக்கப் போகின்றன என்றால், ஒன்று ஐம்பதும் மற்றது அறுபதும் எப்படிக் கக்கும்? அவன் விலை குறைந்ததையே எடுத்துக்கொண்டு வந்தான். மிச்சமான ஆயிரத்தை எதில் போட வைத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த வாட் கணக்கு.

வோல்ட், ஆம்பியர், ஓம், வாட் என்று பள்ளியில் படித்ததெல்லாம் மறந்துபோயிருக்கும். பரவாயில்லை, நம் காவிரிப் பக்கத்தில் தண்ணீரை வைத்துச் சொன்னால் யாருக்கும் புரியும். வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அது வோல்ட். மதகு வழியே நொடிக்கு எவ்வளவு பாய்கிறதோ அது ஆம்பியர். மதகு எவ்வளவு குறுகலோ அது ஓம். உயரத்தையும் பாய்ச்சலையும் பெருக்கினால் வருவது வாட், அதாவது அந்தத் தண்ணீர் நொடிக்கு நொடி செய்யக்கூடிய வேலை.

காரில் இந்த உயரம் நம் கையில் இல்லை. வண்டி நிற்கும்போது பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். இன்ஜின் ஓடினால் ஆல்டர்னேட்டர் அதை 14 சொச்சத்துக்கு ஏற்றும். அவ்வளவுதான். மேட்டூரில் 120 அடிக்கு மேல் தேக்க முடியாத மாதிரி, அதற்கு மேல் ஏறாது. கார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம். 14.4 வோல்ட்டை 4 ஓமால் வகுத்தால் 3.6 ஆம்பியர். மறுபடி 14.4 × 3.6 பெருக்கிப் பாருங்கள், 51.8 வருகிறது. பெட்டியில் இருக்கிற 50 வாட் இங்கிருந்து வந்ததுதான். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எண் வர வேண்டுமானால், செட் ஸ்பீக்கரை ஒவ்வொரு கணமும் முழு பலத்தோடு முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அது பாட்டு இல்லை, வெறும் கரகரப்பு. அலை அலையாக ஏறி இறங்கும் உண்மையான ஒலிக்குக் கணக்குப் போட்டால் நேர் பாதி, 26 வாட். செட்டுக்குள் சூடாக வீணாவதையும் கழித்தால் கையில் நிற்பது 14-லிருந்து 22 வாட்டுக்குள். இந்தக் கடைசி எண்ணைத்தான் ஆர்எம்எஸ் வாட் என்கிறார்கள். பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுங்கள்.

ஃபியூஸ் சோதனையும் இதே கணக்குதான். 10 ஆம்பியரை 14.4-ஆல் பெருக்கினால் 144 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். பெட்டியோ நான்கு ஸ்பீக்கருக்கும் ஐம்பது ஐம்பதாக இருநூறு வெளியே வரும் என்கிறது. களத்தில் 144 மூட்டை கண்ட நெல், விற்பனைக் கமிட்டியில் 200 மூட்டையாக அளந்த கதை.

20 வாட் போதுமா என்றால், தாராளமாகப் போதும். ஸ்பீக்கர் பெட்டியில் வாட்டுக்குப் பக்கத்தில் "சென்சிட்டிவிட்டி" என்று டெசிபெலில் ஒரு எண் இருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எவ்வளவு சத்தம் கேட்கும் என்பது அது. இதில் 3 டெசிபெல் கூடினால் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். 87 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 40 வாட் கொடுத்தால் வரும் சத்தம், 90 டெசிபெல் ஸ்பீக்கரில் 20 வாட்டிலேயே வந்துவிடும். வாட்டுக்குக் காசு கொடுப்பதைவிட இந்த எண்ணுக்குக் கொடுப்பது எவ்வளவோ மேல். கடைகளில் இதைக் கேட்பவர் யாரும் இல்லாததால் சொல்பவரும் இல்லை.

இதற்கு மேலும் சத்தம் வேண்டும், டிக்கியில் அடி ஒலிக்கென்றே ஒரு பெரிய ஸ்பீக்கர், அதாவது சப் வூஃபர், வேண்டும் என்கிறவர்களுக்குத்தான் தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்). அதற்குள் ஒரு சின்ன மின்சுற்று இருக்கிறது. 12 வோல்ட்டை வாங்கி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு உயரத்துக்கு ஏற்றிவிடும். மேட்டு வயலுக்கு பம்ப் செட் வைத்து இறைப்பதுபோல. அதற்கு பேட்டரியிலிருந்தே நேராகத் தடித்த வயர் இழுக்க வேண்டும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே அதற்கென்று தனி ஃபியூஸ் வேண்டும். அந்த ஃபியூஸ் இல்லாமல் மாட்டிக் கொடுக்கும் கடையிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். வயர் எங்காவது தேய்ந்து பாடியில் பட்டால் தீப்பிடிக்கும்.

தவிலை வைத்து ஒரு சோதனை

ஸ்பீக்கரைக் கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எதைக் கேட்பது? கடைக்காரர் ஒரு குத்துப்பாட்டைப் போடுவார். அதில் எந்த ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும். நான் பென் டிரைவில் நாகஸ்வரக் கச்சேரி ஒன்றை, நல்ல பதிவாகப் பார்த்து, எடுத்துக்கொண்டு போவேன். ரசிகன் என்பதால் மட்டுமில்லை, ஸ்பீக்கரின் மூன்று வேலைகளையும் அது தனித்தனியாகப் பிரித்துக் காட்டும்.

தவிலின் ஒரு பக்கமான வலந்தலையை விரல்களில் கூடு போட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள். 'டக்' என்று தெறிக்கிற அந்த ஒலியின் விளிம்பு ட்வீட்டரின், அதாவது மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரின் வேலை. மறுபக்கமான தொப்பியைக் கழியால் அடிக்கிறார்கள். 'தொம்' என்று வயிற்றில் இறங்கும் அது பெரிய கூம்பின் வேலை. நடுவே நாகஸ்வரம். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கிற இடத்தில் அதன் பலம் இருப்பதால், மட்டமான ஸ்பீக்கரில் ஐந்து நிமிடத்தில் காது வலிக்கும். வலந்தலை தகரம் மாதிரி ஒலித்தால் ட்வீட்டர் சரியில்லை. தொப்பி எந்தச் சொல்லை அடித்தாலும் ஒரே 'தும்' என்று கேட்டால், அது பேஸ் (அடி ஒலி) இல்லை, கதவு அதிர்கிற சத்தம். நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் பழைய பதிவுகளை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். அவர் 1956-இல் காலமானவர். இசைத்தட்டிலிருந்து எடுத்த அந்தப் பதிவுகளில் மேலும் கீழும் ஒலி வெட்டுப்பட்டிருக்கும். வாசிப்பு எங்கேயோ இருக்கும், ஸ்பீக்கரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இப்போது அந்த ஆயிரம் ரூபாய். தவிலுக்குப் பலா மரத்தைக் குடைந்து கட்டை செய்கிறார்கள் அல்லவா? அந்தக் கட்டை இல்லாமல் வெறும் தோலைத் தட்டினால் என்ன கேட்கும்? கார் ஸ்பீக்கருக்குக் கட்டை, அந்தக் கதவுதான். தகரக் கதவில் உள்பக்கம் பெரிய பெரிய ஓட்டைகள் இருக்கும். ஸ்பீக்கரின் முன்புறம் காற்றைத் தள்ளும்போது பின்புறம் இழுக்கிறது. இரண்டும் அந்த ஓட்டை வழியே சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடும். முதலில் காணாமல் போவது பேஸ். அந்த ஓட்டைகளை மூடி, தகரத்தின் மேல் கனமான ஒட்டுத்தாள் ஒட்டுவதைக் கடையில் டேம்பிங் என்கிறார்கள். மச்சானின் ஆயிரம் ரூபாய் முன் கதவு இரண்டுக்கும் டேம்பிங்காகப் போனது. செட் அதேதான், ஸ்பீக்கரும் அதேதான். "மாமா, புது ஸ்பீக்கர் மாதிரி இருக்கு" என்றான். ஒட்டும்போது கதவின் அடியில் தண்ணீர் வடிகிற சின்னத் துளைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது. ஐப்பசி அடைமழையில் கண்ணாடி வழியே இறங்குகிற தண்ணீர் எல்லாம் கதவுக்குள்தான் போகிறது. அதற்கு வெளியே போக வழி வேண்டும்.

காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் எல்லாவற்றையும் முன் கதவில் போடுங்கள். பின்பக்கம் பார்சல் ட்ரேயில் வைக்கிற முட்டை வடிவ ஸ்பீக்கர்களை நம் ஊர்க் கடைகளில் ஆசையாகத் தள்ளுவார்கள். கச்சேரிக்குப் போனால் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டா உட்காருகிறோம்?

டின் என்றால் எண்ணெய் டின் இல்லை

செட் வாங்கும்போது சிங்கிள் டின், டபுள் டின் என்பார்கள். டின் என்பது ஜெர்மன் தர நிர்ணய அமைப்பின் பெயர்ச் சுருக்கம். டாஷ்போர்டில் இருக்கும் ஓட்டையின் அளவை அவர்கள்தான் முதலில் வரையறுத்தார்கள். சிங்கிள் என்றால் 180 மில்லிமீட்டர் அகலம், 50 உயரம். டபுள் என்றால் உயரம் மட்டும் 100. சில ஜப்பான் கார்களில் அகலம் 200 வரும். அதற்கு இருபக்கமும் பட்டை வைக்க வேண்டும். இப்போது ஓடுகிற 9 இஞ்ச், 10 இஞ்ச் திரைகளுக்கு அந்தந்தக் கார் மாடலுக்கென்றே ஃப்ரேம் வருகிறது. ஃப்ரேம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு செட்டுக்குப் பணம் கொடுங்கள்.

ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ வேறு, ஆண்ட்ராய்டு ஆட்டோ வேறு. முதலாவது, டாஷ்போர்டில் மாட்டிய டேப்லெட். அதற்கு ராம் (வேலை செய்யும் நினைவகம்) குறைவாக இருந்தால் இரண்டு வருடத்தில் திணறும். இரண்டாவது, உங்கள் போன்தான் மூளை, செட் வெறும் திரை. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். போனை மாற்றினால் செட்டும் புதிதான மாதிரி. வண்டி ஓட்டும்போது வீடியோ பார்க்கிற ஆசைக்கு நான் பதில் சொல்வதில்லை. ஹேண்ட் பிரேக் போட்டால் மட்டும் வீடியோ வரட்டும் என்று கம்பெனிக்காரன் ஒரு வயர் கொடுத்திருப்பான். அதைக் கடையில் எர்த்தில் சொருகி ஏமாற்றுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மஞ்சளும் சிவப்பும்

வயரிங்கில்தான் நான் பட்டேன். தஞ்சாவூரில் ஒரு கடையில் செட் மாட்டினேன். பையன் நல்ல வேகம், முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டான். "சாவி இல்லாமலே பாட்டு கேக்கலாம் அண்ணே" என்று பெருமையாகக் காட்டினான். நானும் வசதிதானே என்று நினைத்தேன். அடுத்த வாரம் மன்னார்குடியில் ஒரு கல்யாணம். மூன்று நாள் வண்டி சத்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. நான்காம் நாள் காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்கிறது, வண்டி எழவில்லை. பெண் வீட்டு உறவுக்காரர்கள் நான்கு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள்.

நடந்தது இதுதான். செட்டுக்குப் பின்னால் வரும் வயர்களில் மஞ்சள், பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் கரண்ட். கடிகாரம், சேமித்த ஸ்டேஷன்கள் எல்லாம் மறந்துபோகாமல் இருக்க அது துளியூண்டு குடிக்கும். சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் வருவது. செட் விழிப்பதும் தூங்குவதும் அதைப் பார்த்துத்தான். பையன் இரண்டையும் ஒன்றாக முறுக்கி மஞ்சளில் கொடுத்துவிட்டான். சாவியை எடுத்தாலும் செட் தூங்கவில்லை. நான் பட்டனை அழுத்தியது திரையை மட்டும்தான் அணைத்தது. உள்ளே ஒரு ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றரை நாளில் காலி. உங்கள் காரில் சாவியை எடுத்த பிறகும் செட் தானாக அணையாமல் இருந்தால், அன்றைக்கே கடைக்குத் திரும்பிப் போங்கள். இதற்கு நேர்மாறாக, ஒவ்வொரு தடவை வண்டியை எடுக்கும்போதும் ஸ்டேஷன் எல்லாம் அழிந்து கடிகாரம் 12:00 காட்டினால், சிவப்பும் மஞ்சளும் இடம் மாறியிருக்கின்றன என்று அர்த்தம்.

மற்ற நிறங்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு எர்த். வெள்ளை ஜோடி முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் ஜோடி முன் வலது, பச்சை ஜோடி பின் இடது, ஊதா ஜோடி பின் வலது. ஒவ்வொரு ஜோடியிலும் கறுப்புக் கோடு போட்டது மைனஸ். அந்த மைனஸ் வெறும் எர்த் இல்லை. செட் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் தள்ளுகிறது. பழைய பழக்கத்தில் யாராவது அதைப் பாடியில் கொடுத்தால் செட்டுக்குள் ஒலியைப் பெருக்கும் ஐசி சில்லு போய்விடும். வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றாமல், உங்கள் காருக்கான கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளக்கை)க் கேட்டு வாங்கிச் சொருகச் சொல்லுங்கள். ஒரிஜினல் வயரை வெட்டினால் வாரண்டிக்காரனோடு பிறகு வாதாட வேண்டியிருக்கும்.

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ் மைனஸ் மாறிப்போயிருந்தால் எதுவும் எரியாது, யாருக்கும் தெரியவும் தெரியாது. ஆனால் பேஸ் ஒல்லியாகிவிடும். இறைகூடையை இரண்டு பேர் பிடித்து இறைக்கும்போது ஒருவர் இழுக்க மற்றவர் விட்டால் தண்ணீர் மேலே வருமா? அதேதான், ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. கண்டுபிடிக்க ஒரு சாதாரண டார்ச் செல் போதும். ஸ்பீக்கர் ஜோடியை செட்டிலிருந்து கழற்றிவிட்டு, செல்லின் பிளஸ்ஸை பிளஸ் வயரிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். 'தப்' என்று கூம்பு வெளியே வந்தால் சரி. உள்ளே போனால் மாறியிருக்கிறது.

மாட்டிய பிறகு

செட்டின் மெனுவில் ஹெச்பிஎஃப் என்று, அடி ஒலியை வடிகட்டி நிறுத்துகிற ஒன்று இருக்கும். அதை 80 ஹெர்ட்ஸில் வைத்துப் பாருங்கள். அதற்குக் கீழே உள்ள ஒலியை ஆறு இஞ்ச் கதவு ஸ்பீக்கரால் ஒழுங்காகத் தர முடியாது. முயற்சி செய்து திணறும், அந்தத் திணறலில் பாடகரின் குரலும் கலங்கும். பாரத்தை இறக்கிவிட்டால் மிச்சம் தெளியும். வாட்டை மாற்றாமல், ஒரு பைசா செலவில்லாமல் வருகிற தெளிவு இது. வால்யூமை ஏற்றிக்கொண்டே போகும்போது ஒரு இடத்தில் குரல் கரகரக்க ஆரம்பிக்கும். 14 வோல்ட்டுக்கு மேல் போக இடமில்லாமல் அலையின் தலை வெட்டுப்படுகிறது. அதற்கு மேல் திருகினால் சத்தம் கூடாது, ட்வீட்டர்தான் எரியும்.

ரேடியோ கேட்கிறவர்களுக்கு ஒரு விஷயம். செட்டை முதலில் போட்டதும் நாடு எது என்று கேட்கும், அமெரிக்கா என்று விட்டுவிடாதீர்கள். அங்கே மத்திய அலையை 10 கிலோஹெர்ட்ஸ் படியில் தாண்டுவார்கள், இங்கே 9. நம் வீடுகளில் காலங்காலமாகக் கேட்ட திருச்சி வானொலி 936. அமெரிக்கப் படியில் 930-க்கு அடுத்தது 940, திருச்சி நடுவில் விழுந்துவிடும். புதுத் திரை செட்கள் பலவற்றில் மத்திய அலையே கிடையாது, வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள். ஜப்பானிலிருந்து பழசாக வந்த செட் என்றால் எஃப்எம் 76-இல் ஆரம்பித்து 90-இலோ 95-இலோ நின்றுவிடும், கொடைக்கானல் 100.5 வரவே வராது. அந்தக் கொடைக்கானல் நிலையம் ஒரு நல்ல சோதனையும்கூட. மலை மேலிருந்து வருவதால் சமவெளியில் வெகுதூரம் வந்துவிடும். கிழக்கே போகப் போக இளைக்கும். காரைக்காலை நெருங்கினால் அங்குள்ள வானொலி 100.3-இல் பலமாக வருகிறது. 100.3-க்கும் 100.5-க்கும் இடையே ஒரு வரப்பு அகலம்தான். மட்டமான ட்யூனர் என்றால் இரண்டையும் கலந்துகட்டிப் பாடும். ஒருவேளை எல்லா ஸ்டேஷனிலும் இரைச்சல் என்றால், சிகரெட் லைட்டரில் குத்தியிருக்கும் மலிவு சார்ஜரை முதலில் பிடுங்கிப் பாருங்கள். பாதி தடவை குற்றவாளி அதுதான்.

பென் டிரைவ் செட்டில் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் ஃபார்மேட் பிரச்சினை. 64 ஜிபி டிரைவ்கள் எக்ஸ்-ஃபேட்டில் வருகின்றன, பல செட்களுக்கு ஃபேட்32 தான் புரியும். 32 ஜிபி வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. பாட்டின் பெயர் தமிழில் இருந்தால் சில செட்களில் கட்டம் கட்டமாகத் தெரியும், அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று. ஒரு வருடம் கழித்து பேஸ் அடிக்கும்போது திரை மங்கினாலோ செட் தானாக அணைந்து எழுந்தாலோ, செட்டைச் சந்தேகப்படாதீர்கள். எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றி, பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, கொஞ்சம் கிரீஸ் தடவி இறுக்குங்கள்.

கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற எங்களுக்கு எலி. சம்பா அறுப்பு முடிந்து வயல் மொட்டையானதும் அவை வீட்டைப் பார்த்து வருகின்றன, வெதுவெதுப்பாக இருக்கிற காரைப் பார்த்தும் வருகின்றன. வயலில் தஞ்சாவூர் கிட்டி வைத்துப் பிடிக்கலாம், டாஷ்போர்டுக்குள் எதை வைப்பது? கடையில் புதிதாக இழுக்கிற வயர் எல்லாவற்றையும் வரிவரியான கறுப்பு பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு இழுக்கச் சொல்லுங்கள், எலிக்கு அதைக் கடித்து முடிக்கக் கொஞ்சம் நேரமாகும். நான் அப்படிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மாசியில் ஒரு நாள் காலை பின் இடது ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. செட்டை வெளியே இழுத்துப் பார்த்தால் பச்சை ஜோடி இரண்டும் பிளேடு போட்ட மாதிரி நறுக்கப்பட்டிருந்தது, பக்கத்தில் ஒரு பிடி வைக்கோல். மஞ்சளையும் சிவப்பையும் அது தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.